சரக்கு அவர்கள் கிடங்கில், முதலீடு நம்முடையது: ஒப்புக்கொள்ளலாமா?

2.6.2025 | கோவை வாசகரின் கேள்வி

நாங்கள் ரப்பர் உதிரிபாகம் செய்கிறோம். எங்கள் விற்பனையில் 70% ஒரே வாகன நிறுவனத்துக்குப் போகிறது. இனி அவர்கள் ஆலைக்கு அருகிலுள்ள கிடங்கில் நாங்களே சரக்கை நிரப்பி வைக்க வேண்டுமாம். குறைந்தது 4 நாள், அதிகம் 10 நாள் இருப்பு. அவர்கள் எடுத்த பிறகுதான் பில் போடலாம். "இது கூட்டுறவு, இருவருக்கும் லாபம்" என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

2.6.2025, இரவு

போடுவதற்கு முன் ஒரே ஒரு வரியை ஒப்பந்தத்தில் தேடுங்கள். சரக்கு எந்த நாளில் உங்கள் பெயரிலிருந்து அவர்கள் பெயருக்கு மாறுகிறது? "எடுக்கும்போது" என்று மட்டும் இருந்து, எடுக்காமலே விட்டால் என்ன ஆகும் என்று எழுதப்படவில்லை என்றால், இன்று கையெழுத்துப் போடாதீர்கள். காரணத்தை நாளை எழுதுகிறேன். எனக்கு இதில் பதினோரு வருட அனுபவம் இருக்கிறது.

3.6.2025

அம்பத்தூரில் பிரஸ் ஷாப் வைத்திருக்கிறேன், இரும்புத் தகட்டை அழுத்தி உதிரிபாகம் செய்யும் பட்டறை. 38 பேர் வேலை செய்கிறார்கள். சைலன்சரைத் தாங்கும் பிராக்கெட்டுகள்தான் எங்கள் பிழைப்பு. 2014-இல் எங்கள் பெரிய வாடிக்கையாளர் இதே முறையைக் கொண்டுவந்தார். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எல்லோரும் அதை "ஹப்" என்றுதான் சொல்வார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. ஹப் வருவதற்கு முன் எங்களுக்கு மாதத்துக்கு ஒரு ஷெட்யூல் வரும். முதல் தேதி 30,000 என்பார்கள். 18-ஆம் தேதி அது 19,000 ஆகும். 27-ஆம் தேதி இரவு போன் வரும், 34,000 வேண்டும் என்று. அந்த இரவே டையை (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சு) மாற்றி, இரட்டைச் சம்பளம் கொடுத்து, வேன் பிடித்து அனுப்புவோம். அவர்கள் ஆலையில் வண்டி ஓட்டம் நாளுக்கு நாள் அவ்வளவு மாறியதா என்றால், இல்லை. ஹப் வந்த பிறகு தினமும் மாலை எத்தனை எடுத்தார்கள் என்ற கணக்கு எங்களுக்கு வரத் தொடங்கியது. 1,450, 1,520, 1,490, 1,500. முதல் மாதக் கணக்கைப் பார்த்து நானும் என் சூப்பர்வைசரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை வருடம் நாங்கள் ஓடியது எல்லாம் அவர்கள் திட்டப் பிரிவின் பயத்துக்காகத்தானே தவிர, வண்டிக்காக அல்ல.

பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் டயப்பர் விஷயத்தில் கண்டதும் இதுதான். குழந்தைகள் என்னவோ சீராகத்தான் டயப்பரை நனைக்கிறார்கள். கடை விற்பனையிலும் பெரிய ஏற்றஇறக்கம் இல்லை. ஆனால் மொத்த விற்பனையாளரின் ஆர்டர் துள்ளுகிறது, ஆலை மூலப்பொருளுக்குப் போடும் ஆர்டர் அதைவிடத் துள்ளுகிறது. 1980-களின் பிற்பகுதியில் அவர்களும் வால்மார்ட்டும் கடைக் கணக்கை நேரடியாகப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கியதற்கு இந்தத் துள்ளல்தான் பின்னணி. சப்ளையரே இருப்பைப் பார்த்துக்கொள்ளும் முறை உலகெங்கும் பேர் வாங்கியது அதன் பிறகுதான்.

அதில் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே விற்பவரும் மலை, வாங்குபவரும் மலை. நீங்களும் நானும் அப்படியா?

4.6.2025

பணக் கணக்கு. சரக்கு ஹப்பில் சராசரி 8 நாள் கிடக்கிறது. எடுத்த பிறகு பில், பில் தேதியிலிருந்து 45 நாளில் பணம். ஆக 53 நாள். இரும்புத் தகடு விற்பவர் எனக்கு 7 நாள்கூடத் தர மாட்டார். இடையிலுள்ள நாட்களுக்கு வட்டி யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய முறையில் சரக்கு கேட்டைத் தாண்டிய அன்றே பில். அந்த 8 நாள் இருப்பை அவர்கள் சுமந்தார்கள். இப்போது நாம் சுமக்கிறோம். இருப்பு குறையவில்லை, தோள்தான் மாறியிருக்கிறது. அவர்கள் ஆண்டறிக்கையில் மட்டும் சரக்கு இருப்பு அழகாகக் குறைந்திருக்கும்.

5.6.2025

நேற்று எழுதிய 8 நாள் தவறு. நினைவிலிருந்து எழுதிவிட்டேன். இன்று பழைய பேரேட்டை எடுத்துப் பார்த்தேன். நாங்கள் தந்தது மூன்று பிராக்கெட்டுகள். இடது, வலது இரண்டும் வேகமாகப் போகும், அவற்றுக்கு 8 நாள் சரி. மூன்றாவது ஏற்றுமதி வண்டிக்கானது, நாங்கள் அனுப்புவதில் 15%தான். ஆனால் அது ஹப்பில் சராசரி 41 நாள் கிடந்திருக்கிறது. சேர்த்துப் பார்த்தால் 13 நாள் வருகிறது. ஆக 53 அல்ல, 58.

கோவை நண்பருக்கு: உங்கள் பாகங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். மொத்தச் சராசரியைக் காட்டித்தான் பேசுவார்கள். மெதுவாக ஓடும் பாகத்தை ஹப்புக்குள் விடாமல் ஆர்டருக்கு மட்டும் செய்வோம் என்று கேட்பதில் தவறே இல்லை.

7.6.2025

"ஹப்பில் நம் சரக்குக்கு யார் பொறுப்பு?" என்று மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்.

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த நான்காம் நாள் நான் நேரில் போனேன். கிடங்குக்குள் இரண்டடி உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு சுவரில் தெளிவாக இருந்தது. எங்கள் நீல டப்பாக்கள் ரேக்கின் கீழ்த்தட்டில். ஒரு டப்பாவைச் சாய்த்தேன், தேநீர் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. கையை விட்டு ஒரு பிராக்கெட்டை எடுத்தால் விரலெல்லாம் காவி.

அதைவிட என்னை உலுக்கியது வேறு. டப்பாவின் பக்கவாட்டில் எங்கள் ஸ்டோர்ஸ் பையன் தேதி எழுதுவான், அது அழியாமல் இருந்தது: ஆகஸ்ட் 19. நான் அங்கே போனது டிசம்பரில். முன்னால் வைத்த புதுச் சரக்கையே கிடங்கு ஆட்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், பின்னால் இருந்த பழையது மூன்றரை மாதமாக அசையவே இல்லை. அவர்களுக்கு எது கைக்கு எட்டியதோ அதை எடுத்தார்கள். பழையது நம்முடையதாகவே கிடந்தால் அவர்களுக்கு என்ன அவசரம்?

காப்பீடு கேட்டேன். வாடிக்கையாளரின் பாலிசி அவர்களுக்குச் சொந்தமான பொருளுக்கு மட்டும். கிடங்கு நடத்துபவரின் பாலிசி கட்டடத்துக்கு மட்டும். எங்கள் பாலிசி அம்பத்தூர் முகவரிக்கு மட்டும். மூன்று பாலிசிக்கும் நடுவில் விழுந்தது எங்கள் சரக்கு.

8.6.2025

இன்னொரு நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். இதுதான் பெரியது.

2018 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 4 (பழைய புகை விதிப்படி செய்த) வண்டி எதையும் விற்கக் கூடாது. ஒன்றரை வருட அவகாசம். எல்லோருக்கும் தெரிந்த தேதி. புகை விதி மாறினால் சைலன்சர் மாறும், சைலன்சர் மாறினால் என் பிராக்கெட்டும் மாறும். ஆகவே பழைய பிராக்கெட்டைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்று 2019 முழுவதும் நான் சொன்னேன். ஆனால் ஹப் விதி என்ன? குறைந்தபட்ச இருப்புக்குக் கீழே போனால் அபராதம். அந்தக் குறைந்தபட்ச அளவை அவர்கள் கணினியில் மாற்றவே இல்லை. பிப்ரவரி 2020 வரை நான் நிரப்பிக்கொண்டிருந்தேன். மார்ச் 25 ஊரடங்கு. அதன் பிறகு பழைய வண்டி ஒன்றுகூட அந்த லைனில் ஓடவில்லை.

மிச்சம் 11,400 பிராக்கெட். ஒன்று 42 ரூபாய். 4,78,800 ரூபாய். ஒன்றின் எடை 310 கிராம், மொத்தம் மூன்றரை டன், கிலோ 24 ரூபாய்க்கு இரும்புக் கடைக்குப் போட்டேன். 85,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வந்தது. ஊரடங்கு முடிந்து முதல் சம்பளம் அதில்தான் கொடுத்தேன்.

வாடிக்கையாளரின் அதிகாரி கெட்டவர் அல்ல. "ஒப்பந்தத்தில் இல்லையே, நான் என்ன செய்ய?" என்றார். உண்மைதான், இல்லை. வடிவமைப்பை மாற்றும் முடிவு முழுக்க அவர்களுடையது, மாற்றத்தால் செத்த சரக்கு முழுக்க என்னுடையது. அப்படி ஒரு தாளில்தான் நான் 2014-இல் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

10.6.2025

சிறு, குறுந்தொழில் சட்டத்தில் 45 நாள் பாதுகாப்பு இருக்கிறதே என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இருக்கிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம், 15-ஆம் பிரிவு. எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் 16-ஆம் பிரிவின்படி ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டி. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் புதிய உட்பிரிவு வந்த பிறகு, குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்தில் பணம் தராத வாங்குபவர், அதைத் தரும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். 2023–24 நிதியாண்டில் இது நடைமுறைக்கு வந்தது. இதற்குப் பிறகு பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவுகள் நம் உதயம் சான்றிதழை (சிறு நிறுவனம் என்பதற்கான அரசுப் பதிவு) தேடித் தேடிக் கேட்கின்றன.

ஆனால் அந்த 45 நாள் எந்த நாளிலிருந்து? சட்டம் சரக்கு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணுகிறது. ஹப்பில் இறக்கியது ஒப்படைப்பா, லைனுக்கு எடுத்தது ஒப்படைப்பா? அவர்கள் ஒப்பந்தம் எடுப்பதையே ஒப்படைப்பு என்கிறது. ஹப்பில் கிடக்கும் 13 நாளோ 41 நாளோ சட்டத்தின் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

கூடவே இன்னும் இரண்டு இழப்பு. சிறு நிறுவனங்கள் தங்கள் பில்லைத் தள்ளுபடிக்குக் கொடுத்து முன்கூட்டியே பணம் வாங்கும் இணையத் தளம் டிரெட்ஸ். பில் இல்லாத சரக்குக்கு அங்கே பணம் வாங்க முடியாது. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் டிரெட்ஸில் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் அரசு அறிவித்தது நல்ல செய்திதான், ஆனால் ஹப்பில் தூங்கும் சரக்குக்கு அதனால் ஒரு ரூபாய் பயனில்லை. வங்கியோ, மாதாந்திர ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் வேறு இடத்தில் கிடக்கும் சரக்கைப் பார்த்ததும் அடித்துவிடுகிறது, டிராயிங் பவர், அதாவது நாம் எடுக்கக்கூடிய கடன் அளவு, குறைகிறது. எங்கள் மேலாளர் "உங்கள் ஷெட்டில் இருந்தால் நான் வந்து பார்க்கலாம், அங்கே யாரைக் கேட்பது?" என்றார்.

ஜி.எஸ்.டி. பக்கம்: பில் இல்லாமல் அனுப்பும் சரக்குக்கு ஆறு மாதம்தான் அவகாசம், அதற்குள் பில் போட்டாக வேண்டும்.

11.6.2025

ஜி.எஸ்.டி. பற்றி நேற்று எழுதிய கடைசி வரியை எங்கள் ஆடிட்டர் பார்த்துவிட்டுத் திருத்தினார். ஆறு மாத விதி, பிடித்தால் வாங்கிக்கொள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடு என்று அனுப்பும் சரக்குக்கு. எங்களுடையது அப்படி இல்லை. ஹப்பை எங்கள் பதிவிலேயே கூடுதல் தொழிலிடமாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே மாநிலத்துக்குள் நம்முடைய ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போவதால் டெலிவரி சலான் போதும், எடுக்கும்போது பில். ஹப் வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கே தனிப் பதிவு எடுக்க வேண்டும், போகும்போதே வரி கட்ட வேண்டும்.

இதைக் கேட்டதும் எனக்கு இன்னொன்று உறைத்தது. வரி வசதிக்காக ஹப்பை "என் இடம்" என்று நானே அரசிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிறகு பணத் தாமதம் பற்றி வழக்கு என்று வந்தால், "ஹப்பில் இறக்கிய அன்றே உன்னிடம் ஒப்படைத்துவிட்டேன்" என்று எந்த வாயால் சொல்வேன்? என் இடத்திலிருந்து என் இடத்துக்கு எப்படி ஒப்படைப்பு ஆகும்? ஆடிட்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதனால்தான் எந்த நாள் ஒப்படைப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்கிறேன்" என்றார்.

14.6.2025

"பிடிக்காவிட்டால் வேறு வாடிக்கையாளரைத் தேடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோபம் வரவில்லை, ஆனால் பதில் சொல்ல வேண்டும். நம் நாட்டில் கார் விற்பனையில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரே நிறுவனத்துடையது. இருசக்கர வண்டியில் நான்கு நிறுவனங்களைச் சொன்னால் சந்தையின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. என் 42 ரூபாய் பிராக்கெட்டின் டை அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே பொருந்தும். பக்கத்து நிறுவனத்திடம் போனால் புது டை, புது மாதிரி, ஒப்புதல் என்று ஒன்றரை வருடம். அதுவரை 38 பேர்?

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது மறைமலை நகரைச் சுற்றியிருந்த சிறு ஷெட்டுகள் எத்தனை ஆடிப்போயின என்று இங்குள்ள பலருக்குத் தெரியும். தொழிற்சாலை மூடுவதற்கும் ஹப்புக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் வாங்குபவர் ஒருவரே என்றால் அவர் முடிவு நம் தலைவிதி என்பது இரண்டிலும் ஒன்றுதான்.

மறுபக்கமும் உண்டு. 2016 ஆகஸ்டில் ஜெர்மனியில் பிரிவென்ட் குழுமத்தைச் சேர்ந்த இரண்டு சப்ளையர்கள், ஒருவர் கியர்பாக்ஸ் வார்ப்பு, மற்றவர் சீட் உறை, வோக்ஸ்வாகனுக்குச் சரக்கை நிறுத்தினார்கள். கோல்ஃப் என்ற கார் மாடலைத் தயாரிக்கும் லைன் நின்றது. சுமார் 28,000 தொழிலாளர்களின் வேலை பாதிக்கப்பட்டது. சில நாளில் சமாதானம் ஆனது. மாற்று இல்லாத சப்ளையர் எவ்வளவு பெரிய வாங்குபவரையும் நிறுத்திவிடலாம். ஆனால் அப்படி நிறுத்தியவரை அதன் பிறகு யார் நம்புவார்கள்? அடுத்த வண்டிக்கு அவரிடம் டை கொடுப்பார்களா? நான் அந்த வழியை ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

15.6.2025

நேற்றையதைப் படித்துப் பார்த்தால், கூட்டுறவு என்பதே ஏமாற்று என்று நான் சொல்வதுபோல் இருக்கிறது. அப்படி நான் நினைக்கவில்லை. ஐசின் கதையை எழுதுகிறேன்.

1997 பிப்ரவரி 1, ஜப்பானில் காரியா நகரில் ஐசின் ஆலையில் தீ. டொயோட்டாவின் பின்சக்கர பிரேக் அழுத்தத்தைச் சீராக்கும் பி-வால்வு கிட்டத்தட்ட முழுவதும் அங்கேதான் ஆனது. உள்ளங்கையில் அடங்கும் சிறு பொருள். டொயோட்டாவிடம் இருந்ததோ சில மணி நேர இருப்பு. லைன்கள் நின்றன. அப்போது 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஐசினிடமிருந்து வரைபடத்தை வாங்கிக்கொண்டு தங்கள் எந்திரங்களில் வால்வு செய்யத் தொடங்கின. தையல் எந்திரம் செய்யும் பிரதர் நிறுவனம்கூட அதில் ஒன்று. நான்காம் நாளே முதல் வால்வுகள் வந்துவிட்டன. விலை என்ன, காப்புரிமை யாருக்கு என்று அந்த வாரம் யாரும் பேரம் பேசவில்லை.

எல்லோரும் இதுவரை சொல்வார்கள். எனக்கு முக்கியம் இதற்குப் பிறகு நடந்தது. உதவியவர்களின் செலவை ஐசின் ஏற்றது. டொயோட்டா தன் முதல் நிலைச் சப்ளையர்களுக்கு, அந்தக் காலாண்டில் அவர்கள் தனக்கு விற்றதில் 1% அளவுக்குப் பணம் கொடுத்தது. ஆக அந்த உறவில் ஆபத்தும் பகிரப்பட்டது. இருப்பைக் குறைக்கும் வித்தையை மட்டும் டொயோட்டாவிடம் கற்றுக்கொண்டு, இந்தப் பாதியை நம் ஊரில் பலர் விட்டுவிட்டார்கள். நான் கேட்பதெல்லாம் இந்தப் பாதியைத்தான்.

19.6.2025

பிறகு எப்படித் தப்பித்தீர்கள் என்று கோவை நண்பர் கேட்டார்.

2021-இல் எங்கள் வாடிக்கையாளருக்கே பிராக்கெட் செய்துகொண்டிருந்த இன்னொரு ஷெட், ஊரடங்குக் கடனில் மூடிவிட்டது. அவருக்காக இன்றும் வருந்துகிறேன், நல்ல தொழிலாளி. அவருடைய டைகளும் எங்களிடம் வந்தன. முதல் முறையாக அவர்களுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. சரக்கை நிறுத்துவேன் என்று சொல்லவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில் பேரேட்டையும், இரும்புக் கடை ரசீதையும், ஆகஸ்ட் 19 எழுதிய டப்பாவின் போட்டோவையும் மேசை மேல் வைத்தேன். ஒன்றரை மணி நேரம் பேசினோம். நான்கு வரிகள் சேர்ந்தன.

ஹப்பில் 30 நாள் தாண்டிய சரக்கு, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அவர்களுடையது, அன்றே பில். வடிவமைப்பு மாறினால் நான்கு வாரத் தயார் சரக்கையும் எட்டு வாரத் தகட்டையும் அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருவரும் சேர்ந்து மாற்ற வேண்டும். இருப்பு எண்ணும்போது எங்கள் ஆளும் கூட இருப்பார், குறைந்தால் கிடங்கு நடத்துபவர் தருவார்.

முதல் வரி வந்த மூன்றாம் மாதமே ஒரு மாற்றம் கண்டேன். கிடங்கு ஆட்கள் பழைய டப்பாவை முன்னால் இழுத்து வைக்கத் தொடங்கினார்கள். யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை. 30 நாள் தாண்டினால் மேலிடம் கேட்கிறது, அவ்வளவுதான். ஏற்றுமதி பிராக்கெட் 41 நாளிலிருந்து 22-க்கு வந்தது, எப்படி என்றால் அவர்களே ஏற்றுமதித் திட்டத்தை இரண்டு வாரம் முன்னதாக எனக்கு அனுப்பினார்கள். அந்தத் தகவல் அவர்களிடம் எப்போதும் இருந்தது.

20.6.2025

ஒரு சேர்ப்பு. கோவை நண்பரின் 70% நிலையில் இந்த நான்கும் ஒரே மூச்சில் கிடைக்காது. ஒன்றுதான் கேட்க முடியும் என்றால் 30 நாள் வரியைக் கேளுங்கள். 45 என்றாலும் ஒப்புக்கொள்ளுங்கள். 60 என்றால் கொஞ்சம் பேசிப் பாருங்கள். நாள் எதுவும் இல்லை என்றால் வேண்டாம்.

27.6.2025

நண்பர் எழுதியிருக்கிறார்: 45 நாள் ஒப்புக்கொண்டார்களாம், வடிவமைப்பு மாற்றத்துக்கு இரண்டு வாரத் தயார் சரக்கு மட்டும். காப்பீடு மட்டும் முடியாது, அது உங்கள் பாடு என்றார்களாம். மோசமில்லை, நான் 2014-இல் வாங்கியதைவிட எவ்வளவோ மேல். கையெழுத்துப் போடுங்கள்.

காப்பீட்டை நீங்களே எடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். தீயோடு வெள்ளமும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாலிசியில் ஹப்பின் முகவரி கதவு எண், சர்வே எண்ணோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். இருப்பின் அதிகபட்ச மதிப்பைச் சொல்லுங்கள், சராசரியை அல்ல. ரப்பர் என்பதால் கிடங்குக்காரரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: தகரக் கூரைக்கு நேர் கீழே மேல்தட்டில் வைக்கக் கூடாது. எங்களுக்கு ஆபத்து கீழ்த்தட்டில் இருந்தது, உங்களுக்கு மே மாத வெயிலில் மேல்தட்டில் இருக்கும்.